கமாலுதீன் பாயும் சட்டைப்பைக் கேமராவும்

போன வெள்ளிக்கிழமை காலையில் தெரியாத எண்ணிலிருந்து எனக்குப் போன் வந்தது. தெரியாத எண்ணை நான் எடுப்பதில்லை. மறுபடி வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. விடாமல் அடிக்கவும் எரிச்சலோடு எடுத்து, "எனக்கு லோனும் வேண்டாம், கார்டும் வேண்டாம்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார்.

"மாமா, சபீனா பேசறனுங்க. கோட்டைமேட்டுல இருந்து. அத்தா மௌத்தாயிட்டாங்க."

அப்போதும் நான் நம்பவில்லை. அழுதுகொண்டே ஏமாற்றுகிறவர்களும் இந்தக் காலத்தில் உண்டு. "எந்த சபீனா? உங்கத்தா பேரென்ன?" என்று கேட்டேன். அழுகிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது என்று என் மனைவி முறைத்தாள். கமாலுதீன் என்ற பெயரைக் கேட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன். முந்தின நாள் மாலை வரை என் எதிர் மேசையில் இருந்து பில் போட்டவர். காலைத் தொழுகையை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் சந்தேகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் அவரைச் சந்தேகப்பட்டோம். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. அவருக்கு அது தெரியும். தெரிந்தும், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் கரண்டியை எனக்குத்தான் வைப்பார்.

எங்களுடையது சிங்காநல்லூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று இங்கே தயாராகிற சாமான்களை லோடு ஏற்றி பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும் ஈரோடு, கொடுமுடிப் பக்கமும் அனுப்புகிறோம். பெட்டி உடைந்துபோனால் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று முதலாளி முன்பு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். வெள்ளி நிறம். குளிக்கிற சோப்பு அளவுதான் இருக்கும். ஆளாளுக்குப் போனிலேயே கேமரா வந்துவிட்ட பிறகு அதை யாரும் சீந்தவில்லை. டிராயரில் பழைய ஸ்டாம்பு பேடுகளோடு கிடந்தது.

ஒரு நாள் பாய் முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினார். வெளியே வந்தபோது அந்தக் கேமரா அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பழைய மூக்குக்கண்ணாடி உறை ஒன்றில் போட்டு வைத்திருந்தார். சாத்திய கதவு, முதலாளி கொடுத்த கேமரா. இதற்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்? அன்று சாயங்காலத்துக்குள் பாய் முதலாளியின் உளவாளி என்று குடோன் வரைக்கும் முடிவாகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவர் படம் எடுக்க ஆரம்பித்தார். பெட்டிகளை அல்ல. தன் மேசையை எடுத்தார். டீ கிளாஸை எடுத்தார். குடோன் திண்டில் ஏறி நின்று வாசலை எடுத்தார். லென்ஸ் வெளியே வருகிற சத்தம் கேட்டால் நான் ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் பொத்தானை அழுத்தும்போது வருகிற 'பீப்' ஒலியை அவர் நிறுத்திவிட்டார். அது சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் ஏன் ஒலியை நிறுத்த வேண்டும்?

அதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. படம் எடுப்பதற்கு முன் பையிலிருந்து ஏதாவது ஒரு சாமானை எடுத்து ஓரத்தில் வைப்பார். ஒரு நாள் எலுமிச்சம்பழம். ஒரு நாள் ஸ்பூன். இன்னொரு நாள் நீலப் பொத்தான். மேசையைப் படம் எடுத்தாலும், பஸ் ஸ்டாண்டைப் படம் எடுத்தாலும் அன்றைக்குரிய சாமான் மூலையில் இருக்கும். எலுமிச்சம்பழத்தைப் பார்த்த அன்று லோடுமேன்கள் குடோனுக்குள் போக மறுத்தார்கள். பாய் ஏதோ வைத்துவிட்டார் என்று ஒரே பேச்சு. முதலாளி வந்து அந்தப் பழத்தைப் பிழிந்து சர்பத் போட்டுக் குடித்துக் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது.

"பாய், அப்படி என்னத்தங்க எடுக்கறீங்க? குடுங்க, பாக்கலாம்" என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணுமில்லீங்க பழனிச்சாமி. சும்மா" என்று சொல்லி அணைத்து உறைக்குள் போட்டுவிடுவார்.

தினமும் ஒருவர் சும்மா என்று சொன்னால் அது சும்மா இல்லை என்பது என் அபிப்பிராயம். போன் வாங்கிக்கொள்ளலாமே, படமும் நன்றாக வருமே என்று வேறு வழியில் தூண்டில் போட்டுப் பார்த்தேன். பாயிடம் இருந்தது பொத்தான் வைத்த சாதாரண போன். அதையும் சாயங்காலம் மேசை டிராயரிலேயே வைத்துவிட்டுப் போவார். அவர் சிரித்தார். "இதுல கனமே தெரியாதுங்க. பையில இருக்கறதே மறந்துபோகும். அப்புறம் இதுக்குள்ள இருந்து யாரும் பேச மாட்டாங்க பாருங்க." அந்தக் கடைசி வார்த்தைக்கு அன்று எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. அதையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் வேலுச்சாமியின் விவகாரம் வந்தது.

வேலுச்சாமி எங்கள் டிரைவர். கொடுமுடிக்காரர். ஆனைமலைக்கு அவர் கொண்டுபோன மோட்டார் லோடில் இரண்டு பெட்டி குறைகிறது என்று அங்கிருந்த கடைக்காரர் போன் செய்தார். இங்கே ஏற்றியதாக பில் இருக்கிறது, அங்கே இறங்கவில்லை. அப்படியானால் வழியில்தான் போயிருக்க வேண்டும் என்று முதலாளி ஒரே போடாகப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டு, பெட்டி வராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்றும் சொல்லிவிட்டார். வேலுச்சாமியின் மகளுக்கு அந்த மாதம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. திருட்டுப் பட்டம் கட்டிய வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அவர் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, நா அந்தப் பெட்டியத் தொட்டிருந்தா எங்கையி வெளங்காது. ஆனைமலை மாசாணியாத்தா கோயில்ல நானே மொளகா அரைக்கறனுங்க. எவன் எடுத்தானோ அவனுக்குக் காந்தட்டும்" என்றார். களவு கொடுத்தவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்து அம்மனுக்குச் சாத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். களவாடியதாகச் சொல்லப்பட்டவரே அரைக்கிறேன் என்கிறாரே, இது நடிப்பாக இருக்குமோ என்று நான் யோசித்தேன். என் புத்தி அப்படி.

பாய் அன்று சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளிவிட்டு ரொம்ப நேரம் கேமரா உறையின் பித்தானைப் போட்டும் கழற்றியும் கொண்டிருந்தார்.

"பழனிச்சாமி, எங்கிட்ட ஒரு படம் இருக்குதுங்க" என்றார். "காட்டினா வேலுச்சாமி தப்பிச்சிருவாரு. ஆனா ஒண்ணக் காட்டினா மத்ததும் தெரிஞ்சுபோயிரும்."

மற்றது என்றால் எங்களைப் பற்றியதுதான் என்று நினைத்தேன். ஆனாலும், "காட்டிருங்க பாய்" என்றேன்.

அவர் எழுந்து முதலாளியின் அறைக்குப் போனார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. நாங்கள் எல்லோரும் பின்னால் போய் நின்றோம். சின்னத் திரையில் ஒரு படம் தெரிந்தது. முன்னால் பாயின் டீ கிளாஸ். அதன் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப். பின்னால் வேலுச்சாமியின் லாரி தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, கிளம்பத் தயாராக நின்றது. அதற்கும் பின்னால், குடோன் திண்டில், கொடுமுடி லோடுக்குப் பக்கத்தில் இரண்டு மோட்டார் பெட்டிகள் தனியாக உட்கார்ந்திருந்தன. பெட்டிகள் லாரியில் ஏறவே இல்லை.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் மூலையைப் பார்த்தார். "ஏனுங்க பாய், இதுல தேதி என்னமோ பழைய வருசமுல்ல போட்டிருக்குது. இது எப்பவோ எடுத்த படம்."

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்தக் கேமராவில் தேதி பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். பாய் அதைத் திருத்துவதே இல்லை. "தேதியத் திருத்தினா மட்டும் நம்புவீங்களாங்க? அத யாரு வேணும்னாலும் மாத்தலாமே. எங்க ஊட்டுலயும் இதே கேள்விதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

அடுத்த படத்தில் முதலாளி இருந்தார். பழனிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்துகூடப் போகாமல் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மேசை மூலையில் அதே மஞ்சள் கிளிப். முதலாளி தன் வாழ்நாளில் மொட்டை போட்டது அந்த ஒரே முறைதான். வேலுச்சாமி ஆனைமலைக்கு லோடு கொண்டுபோன அன்றைக்குத்தான் மொட்டைத் தலையோடு முதன்முதலாக ஆபீஸுக்கு வந்தார். கோயில் சந்தனத்தை அன்று எங்களுக்கெல்லாம் கொடுத்தார். முதலாளி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கொடுமுடிக்குப் போன் போட்டோம். அங்கே கூடுதலாக வந்த இரண்டு பெட்டிகளை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேட்டு வருவார்கள் என்று விட்டுவிட்டார்களாம். முதலாளியே வெளியே போய் வேலுச்சாமியின் கையில் சாவியைக் கொடுத்தார். வேலுச்சாமி வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே அழுதார்.

ஆனால் அதற்குள் எங்கள் ஆட்களில் ஒருவர் கேமராவை வாங்கி மற்றப் படங்களையும் தள்ளிப் பார்த்துவிட்டார். பாய் பயந்தது அதற்குத்தான். உள்ளே உளவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் ஏறிய பஸ்ஸின் கம்பி, ஜன்னலோரத்து வெயில், காலி டிபன் பாக்ஸ், ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்ட நான், குளத்துப் பக்கம் நின்ற நாரை, வீட்டு வாசல் செருப்பு. ஒவ்வொன்றிலும் அன்றன்றைக்குரிய சாமான். பார்த்தவர், "என்னங்க பாய் இதெல்லாம்?" என்று கேட்டார்.

பாய் மெதுவாகச் சொன்னார். அவருடைய மனைவி மெஹருன்னிசா அம்மாளுக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. மறதியோடு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. கணவர் ஆபீஸுக்குப் போகவில்லை, வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று அம்மாவுக்குப் பலமான எண்ணம். போன் இருந்தால் அவளோடுதான் பேசுகிறார் என்று ஒரு முறை அதை அம்மியில் வைத்து நசுக்கிவிட்டார்களாம். அதனால்தான் இந்தக் கேமரா. போன இடமெல்லாம் படம் எடுத்து, சாயங்காலம் வீட்டில் காட்ட வேண்டும். பழைய படத்தைக் காட்டி ஏமாற்றக் கூடாது என்று காலையில் அம்மா ஏதாவது ஒரு சாமானைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அது எல்லாப் படத்திலும் இருக்க வேண்டும்.

"டாக்டர் வியாதின்னு சொல்லிட்டாருங்க. வியாதிக்காரங்ககிட்ட வாதாடி என்ன பண்றது? கேக்கறத எடுத்துட்டுப் போய்க் காட்டிப்போட்டா அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குவாங்க" என்றார். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிவிட்ட கூச்சத்தில் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதலாளிக்கு மட்டும் முன்பே தெரிந்திருக்கிறது. அன்று சாத்திய கதவுக்குள் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் மட்டும், கதை ரொம்பக் கச்சிதமாக இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, கோட்டைமேட்டில் ஒரு வேலை என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டேன். பாய் என்னைப் பார்த்ததும் சிரித்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

மெஹருன்னிசா அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கேமராவை மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தார்கள். பாய் பக்கத்தில் ஸ்டூலில், விசாரணைக்கு வந்தவராய் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"இது ஆருங்க? ஓரத்துல வளையல் தெரியுது."

"டீக்கடை அம்மணி. கிளாஸ் கழுவுறாங்க."

"நேத்தும் அவங்கதான் கழுவுனாங்களா?"

"நேத்தும் அவங்கதான்."

பிறகு பார்வை என் பக்கம் திரும்பியது. "நீங்கதான் பழனிச்சாமிங்களா? படத்துல மூஞ்சியக் காட்ட மாட்டீங்களே. எதுக்கு மறைக்கறீங்க? இவரு கூட்டாளிதானா நீங்களும்?" நான் உளறிக் குழறி ஏதோ சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. எங்கள் ஆபீஸில் நான்தான் பெரிய சந்தேகப் பேர்வழி என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாவுக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது பாய் சொன்னார்: "மொதல்ல பொம்பளைங்களே படத்துல வராமப் பாத்துப் பாத்து எடுத்தனுங்க. 'பொம்பளையே இல்லாத ஊருல வேல செய்யறீங்களா'ன்னு கேட்டாங்க. ரொம்பச் சுத்தமா இருந்தா நம்ப மாட்டாங்க. உள்ளது உள்ளபடி எடுத்துப்போடறதுதான் சுலுவு."

அதற்குப் பிறகு நான் ஃபைலை எடுக்கவில்லை. லென்ஸ் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்காருவேன். அன்றைய சாமான் என்ன என்று ஆபீஸில் எல்லோருக்கும் காலையிலேயே தெரிந்துவிடும். லோடுமேன்கள் அதை வாங்கி லாரியின் பானட்டில் வைத்து, "பாய், இங்கிருந்து எடுங்க, வெளிச்சம் நல்லாருக்குது" என்பார்கள். குடோன் தூசியில் லென்ஸ் மூடி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அவர் ஊதி, விரலால் லேசாகத் தட்டித் திறப்பார். புதுக் கேமரா வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொன்னார். அம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பாய் மறுத்துவிட்டார். பிறத்தியார் சந்தேகப்பட்டால் நமக்குக் கோபம் வரும். கட்டிய மனைவியே தினமும் சந்தேகப்பட்டும் ஒரு மனிதர் கோபப்படாமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கோட்டைமேட்டுக்குப் போனபோது உடலைக் குளிப்பாட்டி ஜனாஸா தயாராக இருந்தது. வேலுச்சாமி கொடுமுடியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கடைசி முகம் பார்க்க அம்மாவை அழைத்து வந்தார்களாம். பார்த்துவிட்டு, "இது ஆரோ. அவங்க மூக்கு இப்படி இருக்காது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்களாம்.

தூக்குகிற சமயத்தில் சபீனா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கையில் அந்தக் கண்ணாடி உறையும் மஞ்சள் துணிக் கிளிப்பும் இருந்தன.

"மாமா, அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. அத்தா அவகிட்டத்தான் போயிட்டாங்க, எல்லாருஞ் சேந்து நாடகமாடறீங்கன்னு சொல்றாங்க. இந்தக் கிளிப்பக் குடுத்து, அவங்க எங்க இருக்காங்களோ அங்க வெச்சு படம் எடுத்துட்டு வரச் சொல்லுங்கறாங்க. நீங்க எடுத்துட்டு வர்றீங்களா?"

கபரஸ்தானில் நானும் வேலுச்சாமியும் ஓரமாக நின்றோம். எல்லோரும் மண் போட்டு முடித்து, துஆ ஓதிக் கலைந்தார்கள். நான் கேமராவை வெளியே எடுத்ததும் ஒரு பெரியவர், "இங்க போட்டோவெல்லாம் வேண்டாமுங்க" என்றார். சபீனாவின் கணவர் அவர் காதில் விவரத்தைச் சொன்னார். பெரியவர், "எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு நகர்ந்தார்.

லென்ஸ் மூடி சிக்கியது. அவர் செய்வதுபோல ஊதித் தட்டினேன், திறந்தது. ஈர மண்ணின் மேல் மஞ்சள் கிளிப்பை வைத்தேன். முதல் படம் கலங்கிப்போயிற்று. வேலுச்சாமி என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்ட பிறகு எடுத்த படம் சரியாக வந்தது.

வீட்டில் அம்மாவை இத்தாவில், அதாவது கணவரை இழந்தவர்கள் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் முறையில், உட்கார வைத்துவிட்டதால் நான் உள்ளே போகவில்லை. வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சபீனாவிடம் கேமராவைக் கொடுத்தேன். பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"பழனிச்சாமிங்களா வெளிய?"

"ஆமாங்கம்மா."

"படத்துல கிளிப்பு இருக்குது. சரி. பக்கத்துல ஆருங்க இருக்காங்க? ஓரத்துல ஆராச்சும் நின்னாங்களா?"

"ஆருமில்லீங்கம்மா."

"நெசமா?"

"நெசந்தானுங்கம்மா. ஆருமே இல்ல."

அம்மா படத்தை ஓரம் ஓரமாகத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

"தனியாவா இருக்காங்க?" என்றார்கள். அந்தக் குரலில் விசாரணை இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

பாய், அம்மா நம்பிவிட்டார்கள். இனி நீங்கள் எதையும் எடுத்துக்கொண்டு வந்து காட்ட வேண்டியதில்லை. அந்த மஞ்சள் கிளிப்பை எடுத்துவர மறந்துவிட்டேன், உங்களிடமே இருக்கட்டும். நிம்மதியாகத் தூங்குங்கள்.